கால்பந்துப் பயிற்சியாளர் ஆக நினைக்கிறீர்களா? மதுரையிலிருந்து தொடங்குகிறவர்களுக்கு

"அண்ணே, ஆடினது போதும்னு தோணுது. கோச் ஆகலாம்னு இருக்கேன். எங்க இருந்து ஆரம்பிக்கணும்?"

ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் வருடத்துக்கு நாலைந்து பேராவது என்னிடம் இப்படிக் கேட்கிறார்கள். கல்லூரி அணியில் ஆடி முடித்தவர்கள், முழங்கால் வலியோடு ஒதுங்கியவர்கள், அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டே காலையில் பந்தைத் தொடாமல் இருக்க முடியாதவர்கள். டீக்கடையில் நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் இல்லை இது. அதனால் எழுதி வைக்கிறேன்.

முதலில் இந்த வேலையின் குணத்தைச் சொல்லிவிடுகிறேன். இது ஊர் மாறுகிற வேலை. நான் 18 வருடமாக இதில் இருக்கிறேன். மதுரையில் இரண்டு பள்ளிகள், மேலூர்ப் பக்கம் ஒரு கிளப், திண்டுக்கல்லில் ஒரு கல்லூரி, காரைக்குடியில் ஒரு அகாடமி, அப்புறம் மறுபடி மதுரை. எங்கேயும் நாலு வருடத்தைத் தாண்டியதில்லை. தலைமை ஆசிரியர் மாறுவார், கிளப்பை நடத்துகிறவரின் வியாபாரம் படுத்துவிடும், மைதானத்தில் கட்டடம் எழும்பும். உலக அளவிலும் இதுதான் நடக்கிறது. செர்பியாக்காரரான போரா மிலுட்டினோவிச் 1986-ல் மெக்சிகோ, 1990-ல் கோஸ்டா ரிகா, 1994-ல் அமெரிக்கா, 1998-ல் நைஜீரியா, 2002-ல் சீனா என்று அடுத்தடுத்த 5 உலகக் கோப்பைகளில் 5 நாட்டு அணிகளோடு நின்றார். அதில் முதல் 4 அணிகளும் முதல் சுற்றைத் தாண்டின. அவ்வளவு செய்தவரும் ஒவ்வொரு முறையும் பெட்டியைக் கட்டிக்கொண்டுதான் கிளம்பினார்.

ஆகவே எந்த இடத்தில் சேர்ந்தாலும், ஒரு நாள் கிளம்புவோம் என்று தெரிந்தே சேருங்கள். அந்த நாளை மனதில் வைத்து முதல் நாளிலிருந்தே வேலை செய்யுங்கள். நான் சொல்லப்போகிற பாதி விஷயங்கள் இதிலிருந்துதான் வருகின்றன.

முதல் படி: ஒரு சீசன் உதவியாளராக நில்லுங்கள்

பயிற்சி உரிமத்துக்குப் பணம் கட்டும் முன்னால் ஒரு சீசன் முழுக்க ஏற்கெனவே நடக்கிற ஒரு அணியில் கூடமாட உதவுங்கள். அரசரடி ரயில்வே மைதானம், ரேஸ்கோர்ஸ், கல்லூரி மைதானங்கள் என்று எங்காவது காலையில் ஒருவர் விசில் ஊதிக்கொண்டிருப்பார். போய்க் கேளுங்கள். கோன் வைப்பது, பந்து எண்ணுவது, கீப்பர்களுக்குத் தனியாகப் பந்து போடுவது என்று வேலை நிறைய இருக்கும். சம்பளம் இருக்காது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நன்றாக ஆடியவர் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. உங்களுக்கு இயல்பாக வந்த ஒன்று எட்டு வயதுப் பிள்ளைக்கு ஏன் வரவில்லை என்று பொறுமையாகப் பார்க்க முடிகிறதா? ஒரே விஷயத்தை இருபது நாள் சொல்ல முடிகிறதா? இது ஒரு சீசனில் தெரிந்துவிடும். முடியவில்லை என்றால் நடுவர் வேலை இருக்கிறது, கீப்பர் பயிற்சி மட்டும் தனியாக இருக்கிறது, உடற்தகுதிப் பயிற்சி இருக்கிறது. கால்பந்தை விட்டுப் போக வேண்டியதில்லை.

ஆட்டக்காரராகப் பெரிய பெயர் இல்லையே என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இந்திய அணிக்கு 1951-லும் 1962-லும் ஆசிய விளையாட்டுத் தங்கம் வாங்கிக் கொடுத்து, 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நாலாம் இடம் வரை கொண்டுபோன சையத் அப்துல் ரஹீம் ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தத் தெரிந்ததுதான் அவருடைய முதல் சொத்து என்று நான் நம்புகிறேன்.

இரண்டாம் படி: காகிதங்கள்

இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு, அதாவது ஏஐஎஃப்எஃப், நடத்துகிற உரிமப் படிப்புகள் ஒரு ஏணி மாதிரி. அடியில் 'இ' சான்றிதழ், அதற்கு மேல் 'டி' உரிமம், பிறகு ஆசியக் கூட்டமைப்பின் அங்கீகாரத்தோடு வருகிற 'சி', 'பி', 'ஏ', உச்சியில் 'ப்ரோ'. இந்தியன் சூப்பர் லீக்கில் (ஐஎஸ்எல்) ஆடுகிற அணியின் தலைமைப் பயிற்சியாளருக்கு ப்ரோ கேட்பார்கள். நமக்கு உடனடியாக வேண்டியது டி. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஆறு நாள் வகுப்பு, மைதானத்தில் செய்முறை, எழுத்துத் தேர்வு, கடைசியில் நீங்களே ஒரு பயிற்சி நடத்திக் காட்ட வேண்டும். மாநிலச் சங்கத்தின் வழியாக அறிவிப்பு வரும், பதிவு இணையத்தில். இடங்கள் குறைவு என்பதால் அறிவிப்பு வந்த அன்றைக்கே பதிவு செய்துவிடுங்கள். மதுரையில் நடக்கட்டும் என்று காத்திருந்தால் வருடம் ஓடிவிடும். சென்னையோ கோவையோ, பஸ் ஏறுங்கள்.

நான் போனபோது வகுப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தது. அதற்காகப் பயப்பட வேண்டாம். செய்முறையில் நீங்கள் தமிழில் பிள்ளைகளோடு எப்படிப் பேசுகிறீர்கள், எங்கே நிற்கிறீர்கள், தவறைப் பார்த்தீர்களா என்பதைத்தான் கவனிக்கிறார்கள். ஆட்டத்தின் 17 விதிகளை மட்டும் முன்கூட்டியே நன்றாகப் படித்துக்கொண்டு போங்கள். ஆஃப்சைடு விதியை எழுத்தில் சரியாகச் சொல்ல முடியாமல் திணறிய நல்ல ஆட்டக்காரர்களைப் பார்த்திருக்கிறேன்.

டி முடித்த மறுவாரமே சி-க்குப் போக முடியாது. நடுவில் பயிற்சி கொடுத்த அனுபவத்தைக் காட்ட வேண்டும். இதனால்தான் எந்த இடத்தில் வேலை பார்த்தாலும் தேதி போட்ட அனுபவச் சான்றிதழைக் கையோடு வாங்குங்கள் என்கிறேன். பத்து வருடம் வேலை பார்த்துவிட்டு, எழுத்தில் இரண்டு வருடம் மட்டும் வைத்திருக்கிற நண்பர்கள் எனக்கு உண்டு.

பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராகச் சேர வேண்டுமென்றால் கதையே வேறு. அதற்கு பி.பி.எட். என்ற உடற்கல்விப் பட்டம் வேண்டும், கோச்சிங் உரிமம் அதற்கு ஈடாகாது. 1920-ல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி சென்னை நந்தனத்தில் இருக்கிறது. நமக்குப் பக்கத்தில் காரைக்குடி அழகப்பாவில் உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. அரசு விளையாட்டுத் துறையின் கோச் வேலைகளுக்கு பட்டியாலாவில் இருக்கிற தேசிய விளையாட்டு நிறுவனத்தின் (என்.ஐ.எஸ்.) பட்டயத்துக்கு மதிப்பு அதிகம். வீட்டுச் சூழல் இடம் கொடுத்தால் பி.பி.எட். முடித்துவிட்டு டி உரிமம் எடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். ஊர் மாறுகிற வாழ்க்கையில் அந்தப் பட்டம் ஒரு கைத்தடி.

மூன்றாம் படி: மைதானமும் பையும்

ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கையில் இருக்கிறது. அங்கே தனியாகப் பயிற்சி நடத்த வேண்டுமென்றால் மாவட்ட விளையாட்டு அலுவலரைப் பார்த்து, எழுத்தில் அனுமதி வாங்கி, கட்டணம் கட்டுங்கள். வாய்ச்சொல்லை நம்பி முப்பது பிள்ளைகளைக் கூட்டிவிட்டு வாசலில் நிற்கக் கூடாது. பள்ளி மைதானம் என்றால் தலைமை ஆசிரியர். ஊர்ப்புறத்தில் என்றால் ஊராட்சித் தலைவரையும் பார்க்க வேண்டும், அங்கே ஏற்கெனவே கிரிக்கெட் ஆடுகிற இளைஞர்களையும் பார்க்க வேண்டும். அவர்களைப் பகைத்துக்கொண்டு எந்தக் கிராமத்திலும் கால்பந்து வளராது.

கோடையில் வற்றிய கண்மாய் நல்ல மைதானம். மண் சமமாக இருக்கும், விழுந்தாலும் பெரிதாக அடிபடாது. ஆனால் சீமைக்கருவேல முள். பிள்ளைகள் வருவதற்கு அரை மணி நேரம் முன்னால் போய், ஆடுகிற இடத்தை நீளவாக்கில் ஒரு தரம், குறுக்கே ஒரு தரம் நடந்து பாருங்கள். முள், கண்ணாடிச் சில்லு, ஆணி. இதை நான் இன்றைக்கும் செய்கிறேன்.

பையில் என்ன இருக்க வேண்டும்? இரண்டு பிள்ளைக்கு ஒரு பந்து என்பது குறைந்தபட்சம். எட்டு வயதுக்குக் கீழே 3-ஆம் எண் பந்து, 12 வயது வரை 4, அதற்கு மேல் 5. சின்னப் பிள்ளைக்கு 5-ஆம் எண் பந்தைக் கொடுத்தால் காலை வீசி உதைக்கக் கற்றுக்கொள்ளாமல் முட்டித் தள்ளக் கற்றுக்கொள்ளும். கட்டாந்தரைக்கு தைத்த பந்து சீக்கிரம் உரிந்துவிடும், அச்சில் வார்த்த ரப்பர் பந்து தாங்கும். காற்றடிக்கும் ஊசியை நனைக்காமல் சொருகினால் வால்வு கிழியும். அணி பிரிக்க சட்டைக்கு மேல் மாட்டுகிற பிப் இரண்டு நிறத்தில், முப்பது மார்க்கர், பம்பு, ஊசி நாலு, விசில், முதலுதவிப் பெட்டி, ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகள், முதல் நாளிலிருந்தே பிள்ளைகளைப் பற்றி எழுதிவர ஒரு தடித்த நோட்டு. டவுன்ஹால் ரோட்டில் ஒரு மாலைப் பொழுது போதும் இதையெல்லாம் வாங்க.

தூக்கி வைக்கிற கோல்போஸ்ட் இருந்தால் அது தரையில் கட்டப்பட்டிருக்கிறதா என்று தினமும் ஆட்டிப் பாருங்கள். கட்டாத போஸ்ட்டில் பிள்ளைகள் தொங்கினால் அது அப்படியே தலையில் சாயும். உலகத்தில் பல இடங்களில் உயிரே போயிருக்கிறது. கட்டக் கயிறு இல்லை என்றால் பக்கத்துக்கு இரண்டு மணல் மூட்டை. அதுவும் இல்லை என்றால் அன்றைக்குப் போஸ்ட் வேண்டாம், இரண்டு மார்க்கர் வைத்து ஆடட்டும்.

நான்காம் படி: ஒரு காலைப் பயிற்சி

நாம் வளர்ந்த விதத்தை முதலில் மறக்க வேண்டியிருக்கிறது. மூன்று ரவுண்டு ஓட்டம், அப்புறம் வரிசையில் நின்று ஒவ்வொருவராக கோலுக்கு அடிப்பது, கடைசியில் பத்து நிமிஷம் மேட்ச். வரிசையை மட்டும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 பேர் ஒரு வரிசை, ஒருவருக்கு 15 விநாடி. ஒரு பிள்ளைக்கு அடுத்த வாய்ப்பு 5 நிமிஷம் கழித்து. ஒரு மணி நேரம் நின்றாலும் 12 தரம்தான் பந்தைத் தொடும். அதே பிள்ளையை நாலுக்கு நாலு ஆட விட்டால் 12 தொடுதல் சில நிமிஷத்தில் முடிந்துவிடும், அதுவும் எதிராளி துரத்தும்போது.

ஒரு பயிற்சிக்கு ஒரே விஷயம். உதாரணத்துக்கு, பந்து வரும் முன்னால் தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை பார்ப்பது. முதல் 15-20 நிமிஷம் உடம்பைச் சூடாக்க. 14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 'ஃபிஃபா 11+' என்ற பயிற்சித் தொகுப்பைப் பழக்குங்கள். மூன்று பகுதி, 15 பயிற்சிகள், 20 நிமிஷம். வாரத்துக்கு இரண்டு தரமாவது தொடர்ந்து செய்கிற அணிகளில் காயம் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. செலவு எதுவும் இல்லை. அப்புறம் பத்துக்குப் பத்து மீட்டர் கட்டத்தில் சுற்றி நால்வர், பந்தைப் பறிக்க நடுவில் ஒருவர். அப்புறம் நாலுக்கு நாலு, ஒவ்வொரு பக்கமும் இரண்டு சின்ன கோல். இரண்டு கோல் இருந்தால் எந்தப் பக்கம் காலி என்று தலையைத் தூக்கிப் பார்த்தே ஆக வேண்டும். நீங்கள் "பாரு, பாரு" என்று தொண்டை கிழியக் கத்த வேண்டியதில்லை, ஆட்டமே பார்க்க வைக்கும். கடைசி அரை மணி நேரம் தடையில்லாமல் மேட்ச்.

நிறுத்திப் பேசுவது அரை நிமிஷத்துக்கு மேல் போகக் கூடாது. "ஏன் அங்க அடிச்ச?" என்று கேட்பதைவிட "அங்க அடிக்கும்போது உனக்கு யாரு தெரிஞ்சாங்க?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பிள்ளை உண்மையைச் சொல்லும்.

அடிக்கக் கூடாது. மூங்கில் பிரம்பால் அடி வாங்கித்தான் நான் கற்றேன், என் வயதுக்காரர்கள் எல்லோருமே. "அடிச்சதாலதான்டா நல்லா ஆடுனோம்" என்று இன்னும் சொல்கிறார்கள். அதே பிரம்புக்குப் பயந்து ஆட்டத்தையே விட்டுப் போனவர்களை யாரும் எண்ணவில்லை. என் கூட ஆடியவர்களில் என்னைவிட நன்றாக ஆடிய இருவர் அப்படிப் போனார்கள்.

வெயில், காயம், பாதுகாப்பு

மதுரையில் மார்ச் பாதியிலிருந்து ஜூன் வரை காலை 5:45-க்குத் தொடங்கி 7:30-க்கு முடித்துவிடுங்கள். மாலை என்றால் ஐந்து மணிக்கு முன்னால் வேண்டாம். 15 நிமிஷத்துக்கு ஒரு தரம் தண்ணீர், தாகம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும். ஒரு பாக்கெட் ஓ.ஆர்.எஸ். ஒரு லிட்டர் தண்ணீருக்கு. பாதிப் பாக்கெட்டைக் கண்ணளவில் போடுகிற பழக்கம் வேண்டாம். பிள்ளை உளறினாலோ, தள்ளாடினாலோ, வாந்தி எடுத்தாலோ அது சாதாரணக் களைப்பு இல்லை. நிழலுக்குத் தூக்குங்கள், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 108-க்கு ஒருவர் போன் போடட்டும். நினைவில்லாத பிள்ளையின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

தலையில் அடிபட்டால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. அது இறுதிப் போட்டியாக இருந்தாலும் சரி, அந்தப் பிள்ளை நன்றாக இருக்கிறேன் என்று அழுதாலும் சரி.

வெறும் வயிற்றோடு வருகிற பிள்ளைகளைக் கண்டுபிடிக்கப் பழகுங்கள். 7 மணிக்கு மேல் சும்மா கோபப்படும், அல்லது ஓரமாக உட்காரும். ஒரு சீப்பு வாழைப்பழம், அவித்த கொண்டைக்கடலை, வீட்டில் நீராகாரம் இருந்தால் குடித்துவிட்டு வரச் சொல்வது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று இந்த மதுரையில்தான் தொடங்கியது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் உங்களிடம் வந்தால், அந்தச் சாப்பாட்டு நேரத்துக்குப் பள்ளி போய்ச் சேருகிற மாதிரி பயிற்சியை முடித்து அனுப்புங்கள். இன்னும் பத்து நிமிஷம் ஆடட்டும் என்று பிடித்துவைத்தால் ஒரு வேளைச் சாப்பாடு போகும்.

பிள்ளைகளின் பாதுகாப்பில் சமரசமே கிடையாது. ஒரு பிள்ளையோடு தனி அறையில், தனி வண்டியில் நீங்கள் இருக்கக் கூடாது. இரவில் தனிப்பட்ட செய்தி அனுப்பக் கூடாது, எதுவாக இருந்தாலும் பெற்றோர் இருக்கிற குழுவில் அனுப்புங்கள். வெளியூர்ப் போட்டிக்குப் பெண் பிள்ளைகள் போனால் கூட ஒரு பெண் பொறுப்பாளர் இல்லாமல் வண்டி கிளம்பக் கூடாது. யாரோ ஒரு பெரியவர் தவறாக நடந்தார் என்று ஒரு பிள்ளை சொன்னால் அதை உள்ளுக்குள் பேசி முடிக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை, 2012-ன் போக்சோ சட்டம் புகார் கொடுக்கச் சொல்கிறது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைகளுக்கும் தெரியும்படி நோட்டின் முதல் பக்கத்தில் எழுத வையுங்கள்.

பெண் பிள்ளைகளின் அணி

புதிதாக வருகிறவர்கள் பலரும் பையன்கள் அணியைத்தான் தேடுகிறார்கள். நான் எதிர்ப்பக்கம் பார்க்கச் சொல்வேன். மதுரையைத் தாண்டி காரியாபட்டிப் பக்கம் வளர்ந்த சேது எஃப்சி 2018-19-ல் இந்திய மகளிர் லீக் கோப்பையை வென்றது. லூதியானாவில் நடந்த இறுதிப் போட்டியில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று ஜெயித்தார்கள். பயிற்சியாளர் அம்ருதா அரவிந்த், ஒரு பெண். இந்த வட்டாரத்துச் செம்மண்ணிலிருந்து தேசியக் கோப்பை வரை ஒரு வழி இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பெண் அணி தொடங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கழிப்பறையும் உடை மாற்றும் இடமும். அது இல்லாத மைதானத்துக்கு அம்மாக்கள் இரண்டாம் நாள் அனுப்ப மாட்டார்கள், அனுப்பவும் கூடாது. மாதவிடாய் நாட்களில் வராமல் இருந்தால் காரணம் கேட்காதீர்கள். வந்தால் ஆட விடுங்கள், பையில் நாப்கின் இருக்கட்டும். வெளிர்நிற ஜெர்சி வேண்டாம், அடர்நிறத்தில் வாங்குங்கள். சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் அணி நிலைப்பது இதில்தான்.

வருடக் கணக்கு

பள்ளி அணி என்றால் ஜூன் மாதம் திறந்ததும் நேரம் இல்லை. குறுவட்டப் போட்டிகள் ஜூலை, ஆகஸ்டில் வந்துவிடும், அப்புறம் மாவட்டம், அப்புறம் மாநிலம். 14, 17, 19 வயதுப் பிரிவுகள். முதலமைச்சர் கோப்பை தனி. சுப்ரதோ கோப்பை 1960-லிருந்து நடக்கிற பள்ளிகளுக்கான தேசியப் போட்டி, அதற்கும் கீழ்மட்டத்தில் தகுதிச் சுற்று உண்டு. அக்டோபரிலிருந்து மழை, மைதானம் சேறு. பொங்கலுக்கு ஊர்ப்புறங்களில் ஐவர், எழுவர் போட்டிகள்.

பிறந்த தேதியில் விளையாடாதீர்கள். ஒரு வயது குறைத்துச் சான்றிதழ் கொண்டுவரும் பெற்றோர் இருப்பார்கள், "எல்லாரும் செய்றதுதானே சார்" என்பார்கள். கண்டுபிடித்தால் தடை விழுவது பிள்ளைக்கு. அதைவிட, நேர்மையாக வயதுக்குள் இருக்கிற இன்னொரு பிள்ளையின் இடம் போகிறது.

கோடை முகாம் போடுகிறவர்கள் சித்திரைத் திருவிழாத் தேதியைப் பார்த்துவிட்டு நோட்டீஸ் அடியுங்கள். எதிர்சேவை அன்றைக்கு மூன்றுமாவடியிலிருந்து தல்லாகுளம் வரை ரோட்டில் கால் வைக்க இடம் இருக்காது. அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்பும் வரை பிள்ளைகள் மனது மைதானத்தில் இருக்காது. அந்த வாரத்தை விடுமுறையாக விட்டு, அதற்கு அப்புறம் முகாமைத் தொடங்குங்கள்.

சம்பளம்

சொந்தமாக நடத்துகிறவர் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். 25 பிள்ளைகள், ஆளுக்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 15,000. அதில் மைதானக் கட்டணம், பந்து தேய்மானம், உதவியாளருக்கு ஒரு தொகை, போட்டிகளுக்கு நுழைவுக் கட்டணம். பணம் கட்ட முடியாத நாலைந்து பிள்ளைகள் எப்போதும் இருப்பார்கள். அவர்கள் யார் என்பது உங்களுக்கு மட்டும் தெரிந்திருக்கட்டும். பரீட்சை மாதங்களில் பாதிப் பேர் வர மாட்டார்கள். ஆக, இது மட்டும் வீட்டை ஓட்டாது. மாலையில் செயற்கைப் புல் போட்ட டர்ஃப் மைதானத்தில் வகுப்பு, வார இறுதியில் நடுவர் வேலை, ஒரு பள்ளியில் பகுதிநேரம் என்று மூன்றையும் சேர்த்துத்தான் முதல் ஐந்து வருடத்தை ஓட்ட வேண்டியிருக்கும். வீட்டில் இதை மறைக்காமல் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள்.

பள்ளியோ அகாடமியோ சேர்த்துக்கொண்டால், ஒரு பக்கத்துக்காவது எழுதி வாங்குங்கள். மாதம் எந்தத் தேதியில் பணம், கோடை விடுமுறைக்குச் சம்பளம் உண்டா, வெளியூர்ப் போட்டிக்குப் படி எவ்வளவு, பிள்ளைக்கு அடிபட்டால் மருத்துவச் செலவு யாருடையது, நிறுத்துவதற்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு. கேட்கக் கூச்சமாக இருக்கும். கேளுங்கள். நான் கேட்காமல் சேர்ந்த ஒரு பள்ளியில் மூன்று மாதம் சம்பளம் வராமல் நின்றது, கையில் காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

கிளம்பும்போது

அந்தப் பள்ளியை விட்டு நான் கிளம்பிய விதத்தை இங்கே சொல்ல வேண்டும். கோபத்தில் ஒரு சனிக்கிழமை பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பிள்ளைகளிடம் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு, 14 வயதுக் கீப்பர் பையன் கிளவுஸ் மாட்டிக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றிருக்கிறான். ஏழு மணி வரைக்கும். வாட்ச்மேன் அண்ணன் ஒரு மாதம் கழித்து என்னிடம் சொன்னார். பணம் வராத கோபம் நியாயமானதுதான், ஆனால் அதை அந்தப் பையன் மேல் இறக்கிவிட்டேன். அதற்கு அப்புறம் எந்த ஊரிலும் அப்படிச் செய்ததில்லை.

கிளம்புவது முடிவானதும் முதலில் நிர்வாகத்திடம், அன்றைக்கே பிள்ளைகளிடம் நேரில் சொல்லிவிடுங்கள். வேறு யார் வாயிலிருந்தும் அவர்கள் கேட்கக் கூடாது. எங்கே போகிறீர்கள், எப்போது கடைசி நாள், அடுத்து யார் வருகிறார், இந்த மூன்றும் போதும். நிர்வாகத்தைப் பற்றிக் குறை சொல்லாதீர்கள். அவர்கள் அங்கேயே படிக்க வேண்டியவர்கள். கையில் இருக்கிற பந்து, பிப், போஸ்ட் எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டு ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள். அனுபவச் சான்றிதழை அப்போதே லெட்டர்ஹெட்டில் வாங்குங்கள், பிறகு தருகிறேன் என்றால் வராது.

நல்ல ஆட்டக்காரர்கள் இரண்டு பேரைக் கூடவே கூட்டிப்போகலாமா என்று ஆசை வரும். புது இடத்துக்காரர்களே கேட்பார்கள். பிள்ளையும் பெற்றோரும் தாங்களாக வந்து கேட்டால், பழைய இடத்துக்குத் தெரிவித்து, படிப்பு கெடாது என்றால் பார்க்கலாம். நீங்களாகப் பிரித்து எடுத்துப் போகாதீர்கள். இந்த வட்டாரம் சின்னது. தேனியில் செய்தது சிவகாசிக்குப் போய்ச் சேரும்.

தமிழ்நாட்டுக் கோச்சுகள் வெளி மாநிலம் போவது புதிதில்லை. 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராக கோல் அடித்த சைமன் சுந்தர்ராஜ்தான் பயிற்சியாளராக நின்று 1973-ல் மாநில அணிகள் மோதுகிற சந்தோஷ் கோப்பையை முதல் தடவையாகக் கேரளத்துக்கு வாங்கிக் கொடுத்தார். நம் பக்கமும் வெளியாட்கள் வந்திருக்கிறார்கள். கோவையை இருப்பிடமாக வைத்து ஆடிய சென்னை சிட்டி அணி 2018-19-ல் ஐ-லீக் என்ற தேசிய லீக்கை வென்றபோது பயிற்சியாளர் சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ். வருகிறவரும் போகிறவரும் இருக்கிற தொழில் இது. அதனால் உங்களுக்கு அடுத்து வருகிறவரைப் போட்டியாளராகப் பார்க்காதீர்கள். திண்டுக்கல்லில் எனக்குப் பின்னால் வந்தவரிடம் நோட்டைக் கொடுத்து இரண்டு நாள் கூட இருந்துவிட்டு வந்தேன். மூன்று வருடம் கழித்து காரைக்குடி வேலைக்கு என் பெயரைச் சொன்னது அவர்தான்.

முதல் நாளிலிருந்து எழுதச் சொன்ன அந்தத் தடித்த நோட்டு இந்த நாளுக்காகத்தான். பிள்ளைக்கு ஒரு பக்கம். பெயர், பிறந்த தேதி, ரத்த வகை, வீட்டு எண், பழைய காயம், எந்தக் கால் பலவீனம், இப்போது எதில் வேலை நடக்கிறது. ஆட்டத்துக்கு வெளியேயும் தெரிய வேண்டியதை எழுதுங்கள்: இவனுக்கு மூச்சிரைப்பு, இன்ஹேலர் பையின் முன் ஜிப்பில், இவளை அண்ணன் வந்து கூட்டிப்போகும் வரை அனுப்பக் கூடாது, இவனைச் சத்தம் போட்டால் ஒரு வாரம் வர மாட்டான். ஒரு நகல் உங்களுக்கு வேண்டாம், அந்தத் தகவல் பிள்ளைகளுடையது. பயிற்சித் திட்டங்களை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் புதியவரிடம் கொடுங்கள்.

கடைசி நாளை வழக்கமான பயிற்சியாகவே நடத்துங்கள். அது முடிந்ததும் புது கோச்சோடு மைதானத்தை ஒரு சுற்று நடந்து வாருங்கள். மழை பெய்தால் எந்த மூலையில் தண்ணீர் நிற்கும், எந்த போஸ்ட் லேசாக ஆடுகிறது, முள் எந்த வேலிப் பக்கத்திலிருந்து வருகிறது, தண்ணீர்க் குழாயின் சாவி யாரிடம், வாட்ச்மேன் அண்ணன் எத்தனை மணிக்கு கேட்டைத் திறப்பார். நடந்து முடித்து அவரை வாட்ச்மேனிடம் பெயர் சொல்லி அறிமுகப்படுத்திவிட்டு பஸ் ஏறுங்கள்.